மண்வெட்டி பிடித்த பட்டதாரி

“மண்வெட்டி பிடிக்கக் கூடாதுன்னுதானே உன்னைக் காலேஜிலே சேர்த்தேன்? இப்போ அந்தக் காலேஜே உன் கையிலே மண்வெட்டியைக் கொடுக்குதா?”

இப்படிக் கேட்கும் அப்பாவை உங்களுக்குத் தெரியும். தஞ்சாவூரிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் ஊருக்கு ஒருவராவது அகப்படுவார். குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் முதுகு வளைத்தவர். தம் மகளாவது நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கட்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்தவர். அந்த மகள் ஒரு நாள் சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்ததும் ஒரு காகிதத்தை நீட்டுகிறாள். ‘ஏழு நாள் சிறப்பு முகாம். பெற்றோர் கையெழுத்து தேவை’ என்று அதில் அச்சிட்டிருக்கிறது.

அம்மாவுக்கு மூன்று கேள்விகள். “ராத்திரி எங்கே படுப்பீங்க? குளிக்க, கொள்ள வசதி உண்டா? கூட டீச்சரம்மா வருவாங்களா?”

அப்பாவுக்கு ஒரே கேள்விதான். அதைத்தான் மேலே படித்தீர்கள்.

“கடைசியிலே சர்ட்டிபிகேட் கொடுப்பாங்கப்பா” என்கிறாள் மகள், மெதுவாக.

“அதை வெச்சு வேலை கிடைக்குமா?”

மகள் வாயடைத்துப் போகிறாள். நீங்களும் நானும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்போம்? அப்பாவின் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள். நியாயமான கேள்வி அது. டெல்டாவில் நெல் விளைகிறது; கோயில் கோபுரங்கள் உயர்ந்து நிற்கின்றன; கல்லூரிகளுக்கும் குறைவில்லை. 1854-ல் தோன்றிய கும்பகோணம் அரசுக் கல்லூரியைத் ‘தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்’ என்றே அந்தக் காலத்தில் சொல்வார்கள். தஞ்சையில் 1955-ல் மன்னர் சரபோஜி கல்லூரி வந்தது; 1956-ல் பூண்டி புஷ்பம் கல்லூரி; 1966-ல் பெண்களுக்கென்று குந்தவை நாச்சியார் கல்லூரி. 1981-ல் தமிழ்ப் பல்கலைக் கழகமும், அடுத்த ஆண்டே திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக் கழகமும் பிறந்தன. வருஷா வருஷம் பட்டதாரிகள் சம்பா நாற்றுப் போலச் செழித்து வெளியே வருகிறார்கள். நடுவதற்கு வயல் எங்கே என்பதுதான் கேள்வி!

ஆகவே, அந்த அப்பாவுக்குப் பதில் தேடிக் கொண்டு ஒரு முகாம் வரைக்கும் போய் வருவோம். வாருங்கள்.

கட்டாயமா, விருப்பமா?

அந்தப் பெண்ணின் காகிதத்தில் மேல் மூலையில் ஒரு சக்கரம் இருக்கிறதே, பார்த்தீர்களா? கோனார்க் சூரியன் கோயில் தேர்ச் சக்கரம் அது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் சின்னம். சக்கரத்தின் எட்டு ஆரங்களும் நாளின் எட்டு ஜாமங்களைக் குறிக்கும். இருபத்து நாலு மணி நேரமும் தொண்டுக்குத் தயார் என்று அர்த்தம்! ‘எனக்காக அல்ல, உனக்காக’ என்பது திட்டத்தின் வாசகம்.

மாணவர்கள் வெறும் புத்தகப் பூச்சிகளாக இருக்கக் கூடாது, தங்களைப் படிக்க வைக்கும் சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது காந்திஜியின் ஆசை. நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, 1948-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக் கழகக் கல்விக் கமிஷன் இதைப் பற்றி யோசித்தது. தொண்டு மாணவர்களின் சொந்த விருப்பத்தால் நடக்கட்டும் என்றது. 1959-ல் சி. டி. தேஷ்முக் தலைமையில் கூடிய கமிட்டிக்கு வேறு அபிப்பிராயம்: எல்லா மாணவர்களும் கட்டாயமாகச் செய்தே தீர வேண்டும் என்றது. மறு ஆண்டு கே. ஜி. சையிதைன் பல தேசங்களின் அநுபவத்தை ஆராய்ந்துவிட்டு, கட்டாயம் வேண்டாம், விருப்பமே போதும் என்றார்.

இந்த வாதப் பிரதிவாதமெல்லாம் முடிந்து, காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24-ந் தேதி, 37 பல்கலைக் கழகங்களில் திட்டம் ஆரம்பமாயிற்று. ஆரம்பித்து வைத்த மத்தியக் கல்வி மந்திரி வி. கே. ஆர். வி. ராவ் நம் காஞ்சீபுரத்தில் பிறந்தவர் என்பதில் நமக்கு ஒரு சின்னப் பெருமை. முதல் ஆண்டில் 40,000 மாணவர்கள் சேர்ந்தார்கள். 2018-க்குள் அந்த எண்ணிக்கை 38 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் உழைக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை, கல்லூரி தத்தெடுத்துக் கொண்ட கிராமத்தில் ஏழு நாள் தங்கி வேலை செய்ய வேண்டும். அதுதான் சிறப்பு முகாம்.

பெயரைக் கவனியுங்கள். ‘நலப்பணி’ என்றுதான் இருக்கிறதே தவிர, ‘வேலை தேடித் தரும் பணி’ என்று இல்லை. அப்படியிருக்க, வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அதைத் தெரிந்து கொள்ள, கொஞ்ச நேரத்துக்கு நீங்களே அந்த மாணவி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

திண்ணையில் தொடங்கும் பாடம்

சம்பா அறுவடை முடிந்து, களத்து மேட்டில் வைக்கோல் போர் ஏறியிருக்கும் காலம். பள்ளிக்கூடக் கட்டடத்தில் உங்களுக்குத் தங்கும் இடம். முதல் நாள் வேலை: வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பு. கையில் அச்சடித்த படிவம். முதல் வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி.

“வீட்டிலே எத்தனை பேர் பாட்டி? மாச வருமானம் எவ்வளவு?” என்று ஆரம்பிக்கிறீர்கள்.

“எதுக்குக் கேக்கறே கண்ணு? ரேஷன் கார்டை வெட்டப் போறாங்களா?” என்கிறாள் பாட்டி. அத்துடன் கதவு சாத்திக் கொள்கிறது.

நாலாவது வீட்டுக்குள் உங்களுக்குப் புத்தி வந்துவிடுகிறது. முதலில் உட்கார வேண்டும். குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். “இந்த வருஷம் சம்பா எப்படி, ஐயா?” என்று விசாரிக்க வேண்டும். யார் அனுப்பி வந்திருக்கிறோம், எதற்குக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும். வருமானத்தைப் பற்றிய கேள்வி படிவத்தில் இரண்டாவதாக அச்சாகியிருக்கலாம். திண்ணையில் அது கடைசியாகத்தான் வர வேண்டும். பத்தாவது வீட்டில் படிவம் தலைகீழாக ஆகிவிடும். ஆனால் எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிடும்.

முன்பின் தெரியாத ஒருவரிடம் நம்பிக்கை சம்பாதிப்பது எப்படி? பாங்கியில் கணக்குத் தொடங்க வருபவரிடம் பேச வேண்டிய குமாஸ்தாவுக்கும், ஆஸ்பத்திரி நர்ஸுக்கும், சாமான் விற்கப் போகும் விற்பனையாளருக்கும் முதலாளிகள் எதிர்பார்க்கும் முதல் யோக்கியதை அதுதான். அதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டுச் சொல்லித் தர முடியுமா?

சாயங்காலம் படிவங்களை எண்ணிப் பார்க்கிறீர்கள். பஞ்சாயத்துக் கணக்குப்படி இருக்க வேண்டிய வீடுகளில் நாற்பது குறைகிறது! எங்கே போயின அந்த நாற்பது? வாய்க்காலுக்கு அப்பால், மதகு தாண்டி, ஒரு தெரு இருக்கிறது. பெரிய தெருவில் வழி கேட்டீர்கள்; பெரிய தெருக்காரர்கள் தங்கள் தெருக்களை மட்டும் காட்டினார்கள். உங்களில் ஒருவருக்காவது “இவ்வளவுதானா ஊர்?” என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மதகைத் தாண்டிப் போகிறீர்கள். கணக்கெடுப்பு யாருக்காக நடக்கிறதோ, அவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு கணக்கில் எது எழுதியிருக்கிறது என்று பார்ப்பது எல்லாருக்கும் வரும். எது விட்டுப் போயிருக்கிறது என்று பார்ப்பதுதான் அபூர்வம். அந்தக் கண் ஒரு தடவை திறந்துவிட்டால், ஆயுசுக்கும் மூடாது. உத்தியோகத்துக்கும் அது உதவும். அதைவிட, மனுஷராக இருப்பதற்கு உதவும்.

ஐம்பது பேருக்கு எத்தனை படி?

முகாமில் இன்னொரு பள்ளிக்கூடம் உண்டு. அதன் பெயர் சமையற்கட்டு!

ஐம்பது பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. அரசாங்கம் தரும் தொகை அளவானது. ஒரு வேளைச் சோற்றுக்கு எத்தனை படி அரிசி? சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு? விறகா, காஸ் அடுப்பா? முதல் நாள் ரசம் பாதிப் பந்தியில் தீர்ந்து போகும். இரண்டாம் நாள் பயந்து போய் அதிகமாக வடித்துவிட, சோறு மிஞ்சும். மூன்றாம் நாள் கணக்குச் சரியாக நிற்கும். பொருளாதாரப் பாடத்தில் முதல் வகுப்பு வாங்கிய மாணவர் கத்தரிக்காய் விலையைக் கேட்டுவிட்டு, “இதற்குப் பூசணிக்காய் வாங்கினால் இரண்டு நாள் ஓட்டலாம்” என்று சொல்வாரே, அந்தச் சமயம் பார்க்க வேண்டும்!

செலவுக்கெல்லாம் ரசீது வேண்டும். சந்தையில் கீரைக்காரம்மா ரசீதுக்கு எங்கே போவாள்? அதற்கு ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்கி, திட்ட அலுவலரிடம் கொடுக்க வேண்டும். பொதுப் பணத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான் என்ற பயம், பிற்காலத்தில் எந்தப் பதவிக்கும் நல்ல அஸ்திவாரம்.

இந்தப் பந்தியில் இன்னொரு விசேஷமும் உண்டு. ஆக்கியவர் யார், பரிமாறுகிறவர் யார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. ஒரே பானை, ஒரே வரிசை. எச்சில் இலை எடுக்கும் முறையும் எல்லாருக்கும் வரும்.

கோலப்பொடியில் ஒரு கிராமம்

நலப்பணித் திட்டத்துக்கு ஒரு நெருங்கிய உறவுக்காரர் உண்டு. வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் கடைசி ஆண்டில் கிராமங்களில் தங்கிப் பெறும் பணி அநுபவம் அது. அது பாடத்தில் சேர்ந்தது, மதிப்பெண்ணும் உண்டு; ஆகவே முழுக்கத் தொண்டு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அங்கே நடப்பதைப் பார்த்தால் அசந்து போவீர்கள். தஞ்சைப் பக்கத்தில் ஒரத்தநாட்டை அடுத்த ஈச்சங்கோட்டையிலேயே வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது; 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கும் ஆடுதுறையும் தொலைவில் இல்லை. ஆகவே இந்தக் காட்சி டெல்டாவுக்குப் புதிதல்ல.

கோயில் வாசலில் ஊரைக் கூட்டி வைத்துக் கொண்டு, “உங்க ஊரை வரைஞ்சு காட்டுங்க” என்கிறார்கள் மாணவர்கள். வரைவதற்குக் காகிதமா? இல்லை. கலர்க் கோலப்பொடி! தெருக்கள் வெள்ளை; வாய்க்கால் நீலம்; வயல் பச்சை. பெண்கள் கோலம் போட்டுப் பழகியவர்கள் அல்லவா? நிமிஷத்தில் ஊர் தரையில் மலர்ந்துவிடும். “இங்கே தண்ணி ஏறாது”, “இந்த மதகு உடைஞ்சு மூணு வருஷமாச்சு” என்று சொல்லிக் கொண்டே வருவார்கள். ஊரின் வியாதி என்னவென்று ஊரே சொல்லிவிடும். மாணவருக்குக் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: வாயை மூடிக் கொண்டு கேட்பது! படித்தவர்களுக்கு அதைவிடக் கஷ்டமான பாடம் வேறு உண்டா?

பிறகு முட்டை வித்தை. பாத்திரத்துத் தண்ணீரில் ஒரு கோழி முட்டையைப் போடுகிறார் மாணவர். முட்டை முழுகுகிறது. உப்பைக் கரைத்துக் கொண்டே வருகிறார். முட்டை மெல்ல மேலே வந்து, காசளவு தலையைக் காட்டுகிறது. அந்த உப்புத் தண்ணீரில் விதை நெல்லைக் கொட்டினால், பதர் மிதக்கும். கனமான மணி அடியில் தங்கும். மிதந்ததைத் தள்ளிவிட்டு, தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி விதைக்கலாம்.

“சர்க்கார் சான்று போட்ட விதைதானே தம்பி வாங்கறோம்? அப்புறம் எதுக்கு இந்த வேலை?” என்று கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் கேட்பார். மாணவருக்கு வேர்க்கும். புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லையே! “சான்று விதையிலும் இலேசான மணி கொஞ்சம் இருக்கும், ஐயா. வீட்டு விதை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்” என்று திக்கித் திணறிச் சொல்லி முடிப்பார். பேட்டி அறையில் மூன்று அதிகாரிகள் கேட்கும் கேள்வி, ஐம்பது வருஷம் நெல் பயிரிட்ட ஒருவர் கேட்கும் கேள்வியைவிடக் கடினமாக இருக்கப் போவதில்லை.

இருபது குழந்தைகளும் ஒரு பட்டதாரியும்

கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன அல்லவா? குழந்தைகள் படித்ததெல்லாம் மறந்து போயிற்று. அதைச் சரிக்கட்ட 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. விழுப்புரம் ஜில்லா முதலியார்குப்பத்தில் ஆரம்பித்து, எல்லா ஜில்லாக்களுக்கும் பரவியது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்கள் சின்னக் குழந்தைகளுக்கும், பட்டதாரிகள் ஆறு முதல் எட்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கும் சாயங்கால வேளையில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு தன்னார்வலருக்குச் சுமார் இருபது குழந்தைகள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத் தொகை. இப்படி முன்வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

யோசித்துப் பாருங்கள். பட்டம் வாங்கிய பெண். கல்யாணத்துக்கோ வேலைக்கோ காத்துக் கொண்டு வீட்டில் இருக்கிறாள். வாசலில் இருபது வாண்டுகள். ஒன்று அழுகிறது, ஒன்று பக்கத்துப் பையனைக் கிள்ளுகிறது, ஒன்றுக்குக் கழித்தலில் கடன் வாங்கத் தெரியவில்லை. புளியங்கொட்டையை எடுத்து வைத்துக் கணக்குச் சொல்கிறாள். கதை சொல்கிறாள், பாட்டுப் பாடுகிறாள். ஒன்றும் புரியாத குழந்தைக்கு வேறு வழியில் சொல்லிப் பார்க்கிறாள். நடுவில், தனக்கே அந்தக் கணக்கு இப்போதுதான் முழுசாகப் புரிகிறது என்பதையும் தெரிந்து கொள்கிறாள்!

எண்பதுகளில் பிறந்தவர்களுக்கு இன்னொன்று நினைவு வரும். தஞ்சைக்குப் பக்கத்து ஜில்லாவான புதுக்கோட்டையில் தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொண்டர்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள் பெண்கள். அதுவரை அப்பாவோ அண்ணனோ கூட வந்தால்தான் வெளியூர் என்றிருந்த பெண்கள், தாங்களே மிதித்துக் கொண்டு கூட்டத்துக்குப் போனார்கள். சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று எந்தச் சான்றிதழிலும் எழுதவில்லை. ஆனால் அவர்கள் வாழ்க்கை அந்தச் சக்கரத்தில்தான் திரும்பியது.

கஜா அடித்த விடியற்காலை

மேலே சொன்னதெல்லாம் நிதானமாகக் கற்கும் பாடங்கள். ஒரே ராத்திரியில் கற்றுக் கொடுத்த பாடமும் உண்டு.

2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலை கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. பிள்ளையைப் போல வளர்த்த மரங்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்து, வாரக் கணக்கில் ஊர்கள் இருளில் கிடந்தன.

பல ஊர்களிலிருந்து இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, குழந்தைகளுக்குப் பால் பவுடர் என்று லாரிகள் வந்தன. சாமான் வருவது சுலபம்; அதைப் பங்கு போடுவதுதான் கஷ்டம். ரோட்டோரத்து ஊருக்கு முதலில் கிடைத்துவிடும்; உள்ளே ஐந்து மைல் தள்ளி இருப்பவர்கள் காத்துக் கிடப்பார்கள். எந்தப் புயலிலும் நடப்பது இது. யாருக்கு எது தேவை, எது போய்ச் சேர்ந்தது, எது இன்னும் போகவில்லை என்று பட்டியல் போட ஒருவர் வேண்டும். “எங்களுக்குத் தரலையே” என்று கோபமாக நிற்கும் கூட்டத்திடம் சாந்தமாகப் பேச ஒருவர் வேண்டும். இரண்டாவது தடவை கை நீட்டுகிறவரிடம் மனம் நோகாமல் ‘இல்லை’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். இருபது வயதுப் பிள்ளைகள் இதையெல்லாம் செய்தார்கள். பெரிய கம்பெனிகளில் மானேஜர்கள் சம்பளம் வாங்கிக் கொண்டு செய்யும் வேலை அது!

அந்தச் சமயம் துபாயில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்த்துக் கொண்டிருந்த நிமல் ராகவன் என்ற பேராவூரணிப் பக்கத்து இளைஞர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். நிவாரண வேலையில் இறங்கியவர் திரும்பித் துபாய் உத்தியோகத்துக்குப் போகவில்லை. அந்த வட்டாரம் காவிரியின் கடைமடை. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் அணையைத் திறந்தாலும், கல்லணைக் கால்வாய் வழியே கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்வது தெய்வச் செயல் என்றே பல ஆண்டுகள் இருந்தது. அப்படி வரும் தண்ணீரைப் பிடித்து வைக்க ஏரி குளங்கள் தூர்ந்து கிடந்தன. 2019-ல் அவரும் ஊர் இளைஞர்களும் விவசாயிகளும் ‘கைஃபா’ என்ற அமைப்பாகச் சேர்ந்து, ஐந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்த பேராவூரணிப் பெரிய குளத்தைத் தூர் வாரினார்கள். அதன் பிறகு எத்தனையோ நீர்நிலைகளில் அவர் கை வைத்திருக்கிறார்.

உத்தியோகத்தில் கற்ற திட்டமிடும் திறமை குளத்தில் பயன்பட்டது, பார்த்தீர்களா? அந்த வாய்க்காலில் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடும். குளத்தில் கற்றதும் உத்தியோகத்தில் பயன்படும்.

படத்துக்கு நிற்கும் முகாம்

இவ்வளவும் படித்துவிட்டு, “ஓஹோ, முகாமுக்குப் போனால் வேலை நிச்சயம்” என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் அல்லவா?

எல்லா முகாமும் இப்படி நடப்பதில்லை. துணிப் பதாகையைக் கட்டி, பெருக்கின தெருவையே மறுபடி பெருக்கி, போட்டோவுக்கு நின்றுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்பும் முகாம்களும் உண்டு. மரக்கன்று நடுவார்கள், மறு மாதம் தண்ணீர் ஊற்றுவது யார் என்று யோசித்திருக்க மாட்டார்கள். அந்த முகாமிலும் சான்றிதழ் கிடைக்கும். சக்கரம் போட்ட அதே சான்றிதழ்தான்! ஆனால் பேட்டியில் “நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள்?” என்று ஒரு கேள்வி கேட்டால், பாவம், பதாகையின் நீளத்தைத்தான் சொல்ல முடியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. கிராமம் என்பது மாணவர்கள் பழகிப் பார்ப்பதற்கான மைதானம் அல்ல. அங்கே இருப்பவர்களுக்கு அது வாழ்க்கை. ஊராருக்குக் கூலி கிடைக்க வேண்டிய வேலையை மாணவர்கள் இலவசமாகச் செய்து கொடுத்து, அவர்கள் கஞ்சியில் மண் போட்டுவிடக் கூடாது. எந்த வேலை வேண்டும், எது வேண்டாம் என்று ஊரைக் கேட்ட பிறகே கடப்பாறையைத் தொட வேண்டும்.

தனக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கொண்டு போகிற மாணவருக்குச் சான்றிதழ்தான் கிடைக்கிறது. வேலை முடிய வேண்டுமே என்று கவலைப்படுகிற மாணவருக்குத் திறமை தானாக வந்து ஒட்டிக் கொள்கிறது. வரப்பு வெட்டப் போனவன் கையில் மண் ஒட்டுவது மாதிரி!

நாலு யோசனைகள்

உங்கள் வீட்டிலும் கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ பெண்ணோ இருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதலாவது: ஒரு முழு வேலையை ஏற்றுக் கொள்ளுங்கள். பத்து வேலையில் ஆளுக்கு ஒரு கை என்பது பயன்படாது. சாப்பாட்டுக் கணக்கு என்றால் ஏழு நாளும் அதுதான். ஆரம்பித்தது நீங்கள், முடித்தது நீங்கள் என்று இருக்க வேண்டும்.

இரண்டாவது: ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக் கொண்டு தினம் ராத்திரி பத்து வரி எழுதுங்கள். இன்று என்ன தப்புச் செய்தேன், நாளைக்கு எப்படித் திருத்துவேன் என்று எழுதினால் போதும். ஆறு மாதம் கழித்து விண்ணப்பம் எழுதும்போது அந்த நோட்டுத்தான் கை கொடுக்கும். ‘நாட்டு நலப்பணித் திட்ட உறுப்பினர்’ என்று ஒரு வரி போடுவதைவிட, ‘ஐந்து பேர் குழுவுடன் இத்தனை வீடுகளில் கணக்கெடுத்தேன்; விட்டுப் போன வீடுகளைக் கண்டுபிடித்துச் சேர்த்தேன்’ என்று எழுதினால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

மூன்றாவது: ஆறு மாதம் கழித்து, பஸ் சார்ஜுக்குக் கணக்குப் பார்க்காமல், ஒரு தடவை அந்த ஊருக்குத் திரும்பிப் போங்கள். கன்று பிழைத்ததா? குளத்தில் தண்ணீர் நின்றதா? செய்த வேலையின் பலனைப் போய்ப் பார்க்கிறவர்கள் குறைவு. அவர்களைத்தான் உலகம் தேடுகிறது.

நாலாவது: கம்ப்யூட்டரையும் ஆங்கிலத்தையும் விட்டுவிடாதீர்கள். அவற்றுக்கு இது மாற்று அல்ல. தமிழக அரசு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ போன்ற பயிற்சிகளையும் பயன்படுத்திக் கொள்ளுங்கள். அங்கே கற்பது கருவி. அந்தக் கருவியை யாருக்காக, எப்படிப் பிடிப்பது என்பது இங்கே கற்பது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அம்மா கேட்ட மூன்று கேள்விகளையும் திட்ட அலுவலரிடம் தயங்காமல் கேளுங்கள். படுக்கை, குளியல், துணைக்கு ஆசிரியை: மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சொல்வது அவர்கள் கடமை.

ஏழு நாள் கழித்து

அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவோமா?

அப்பா கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று வைத்துக் கொள்வோம். ஏழு நாள் கழித்து மகள் வருகிறாள். முகம் கறுத்திருக்கிறது. குரல் கட்டியிருக்கிறது. அம்மா சோறு போட்டுக் கொண்டே, “உடம்பு இளைச்சுட்டே” என்கிறாள். எல்லா அம்மாக்களும் சொல்வதுதான்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. மகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார். உள்ளங்கையில் வரிசையாகக் கொப்புளங்கள்.

“பிடியை இறுக்கிப் பிடிச்சியா?”

“ஆமாப்பா.”

“அதான். இறுக்கிப் பிடிக்கக் கூடாது. தூக்கறப்போ ஒரு கை தானா மேலே போகணும், போடறப்போ கீழே வரணும்” என்று எழுந்து நின்று, இல்லாத மண்வெட்டியைப் பிடித்து ஓங்கிக் காட்டுகிறார். காட்டிவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு உட்கார்ந்து கொள்கிறார்.

“இதை நீங்க யார்கிட்டே கத்துக்கிட்டீங்கப்பா?” என்று கேட்கிறாள் மகள். பதினைந்து வருஷப் படிப்பில் அவள் அப்பாவின் வேலையைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

அப்பா சொல்ல ஆரம்பிக்கிறார். மகள் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொள்கிறாள். மண்வெட்டி பிடிக்காமல் இருக்கத்தான் அவள் படித்தாள், அதில் தவறில்லை. நாளைக்கு ஏதோ ஓர் அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் அவள் உட்காரத்தான் போகிறாள். அன்றைக்கு மேஜைக்கு முன்னால், கையில் மனுவோடு, காய்ப்புக் காய்த்த உள்ளங்கைக்காரர் ஒருவர் வந்து நிற்பார். அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, “இந்த வருஷம் சம்பா எப்படி, ஐயா?” என்று கேட்க அவளுக்குத் தெரியும்.

“வேலை கிடைக்குமா?” என்று கேட்டாரே அந்த அப்பா, அவருக்கு இப்போது பதில் சொல்லலாம். வேலை கிடைக்க இது உதவும், ஐயா. கிடைத்த வேலையை நன்றாகச் செய்ய, இன்னும் அதிகமாக உதவும்.